இரண்டாம் தளத்து ஆடு

என் கணவர் வேட்டைத் துவக்கு வாங்கப்போவதாகச் சொன்னபோது நான் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தேன். கத்தியைக் கீழே வைத்தேன். பிறகு யோசித்துப் பார்த்துவிட்டு மறுபடி கையில் எடுத்துக்கொண்டேன்.

குளியலறைச் சுவரில் பெரிய சிலந்தி இருந்தால் கதவைச் சாத்திவிட்டு என்னைக் கூப்பிடுகிற மனிதர் அவர். பரமட்டாவில் கணக்காளர் வேலை. கூட வேலைசெய்த வெள்ளைக்காரர் ஒருவருடைய மாமாவுக்கு டப்போ என்கிற உள்நாட்டு ஊரைத் தாண்டிப் பெரிய காணி ஒன்று இருந்தது. எப்போதோ தப்பியோடிய வளர்ப்பு ஆடுகள் அங்கே காட்டாடுகளாகிப் பெருகி, மாமாவின் செம்மறிகளுக்கான புல்லைத் தின்றுகொண்டிருந்தன. லைசன்ஸோடு வந்து சுடுகிறவர்கள் தாராளமாக வரலாம் என்று மாமா சொன்னாராம். எங்கள் ஆள் அன்று ரயிலில் எங்கள் வீடு இருக்கிற வென்ட்வேர்த்வில்லுக்கு வந்து இறங்கும்போதே வேட்டைக்காரராகிவிட்டார்.

வகுப்புக்குப் போனார், பரீட்சை எழுதினார், மாதக்கணக்கில் காத்திருந்து லைசன்ஸும் எடுத்தார். கராஜில் அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் இரும்பு அலுமாரி ஒன்றைச் சுவரோடு சேர்த்து முடுக்கினார். சோதிக்க வந்த பொலிஸ்காரர் அலுமாரியை அசைத்துப் பார்த்துவிட்டு, அரிசி மூட்டைகளையும் பார்த்து, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார். நான், அவர், என் தம்பி, மூன்று பேர் என்றோம். பொலிஸ்காரர் நம்பின மாதிரித் தெரியவில்லை.

செய்தி எங்களுக்கு முன்னால் கோவிலுக்குப் போய்விட்டது. மேய்ஸ் ஹில் கோவிலில் செருப்புக் கழற்றுகிற இடத்தில் ஓர் அன்ரி என்னைப் பிடித்து, வீட்டில் துவக்கு இருக்காமே என்று, யாருக்கோ வருத்தமாம் என்று விசாரிக்கிற குரலில் கேட்டார். எனக்கு அவரைக் கோபிக்க மனம் வரவில்லை. நாங்கள் விட்டுவந்த யாழ்ப்பாணத்தில் துவக்கு எப்போதும் வேறு யாருடைய கையிலோதான் இருந்தது. அலுமாரி வந்த புதிதில் எனக்கும் பயம்தான். அரிசி எடுக்கப் போனால் அதற்கு முதுகைக் காட்டாமல் எடுத்துக்கொண்டு வருவேன்.

அந்த நேரம் பார்த்து ரொறன்ரோவிலிருந்து என் கணவருடைய அண்ணன், நவராத்திரிக்கு வருவதாகப் போன் எடுத்தார். இவருக்கு இருப்பது அந்த ஒரு அண்ணன்தான். நான் பெரியத்தான் என்று கூப்பிடுவேன். தகப்பன் இல்லாத வீட்டில் தம்பியைப் படிக்கவைத்து ஆளாக்கியவர். அதற்குக் கூலியாக, இவன் தொட்டது துலங்காது என்று ஆயுள் முழுக்கச் சொல்லும் உரிமையையும் எடுத்துக்கொண்டவர். சைக்கிள் பழகியபோது சொன்னார். கல்யாணத்தின்போது என் அப்பாவிடமே சொன்னார். வீடு வாங்கியபோது சமுத்திரம் தாண்டிப் போன் எடுத்துச் சொன்னார்.

இவரும் சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை.

"அண்ணை, நீங்கள் வாங்கோ. நான் சுட்ட ஆட்டில உங்களுக்குக் கறி தாறன்."

"ஓம் ஓம். எதுக்கும் ஒரு கோழியும் வாங்கி வை" என்றார் பெரியத்தான்.

போனை வைத்த பிறகு இவருடைய முகத்தைப் பார்த்தேன். ஐம்பதை எட்டிப்பிடிக்கப்போகிற மனிதர், குறைந்த புள்ளி வாங்கிக்கொண்டு வந்த பெடியன் மாதிரி நின்றார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, பெரியத்தானில் கோபமாகவும் இருந்தது. இது கறி விஷயம் இல்லை என்று அப்போதே விளங்கிவிட்டது. ஒரு ஆடு விழவேண்டும் என்று அன்றிலிருந்து நானும் நேர்ந்துகொள்ளத் தொடங்கினேன். ஆடு என்னை மன்னிக்கட்டும்.

துவக்கு வாங்குகிற வேலை லேசாக முடிந்தது. அதன் மேலே பூட்டுகிற குழாய், ஸ்கோப் என்கிறார்களே, அதுதான் வீட்டைப் பிளந்தது. பிளந்தவன் என் தம்பி. அவனிடம் துவக்கும் இல்லை, லைசன்ஸும் இல்லை, அபிப்பிராயம் மட்டும் நிறைய இருந்தது. கம்பியூட்டர் வேலை செய்கிறவன். இரண்டு நாள் இணையத்தில் வாசித்துவிட்டு, வாங்கினால் முதல் குவியத்தளத்து ஸ்கோப்தான் வாங்கவேண்டும் என்று தீர்ப்புச் சொன்னான். இவர் இரண்டாம் தளம்தான் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

இந்தத் தளம் என்பது என்ன என்று எனக்கு விளங்கவே ஒரு கிழமை ஆனது. ஸ்கோப்புக்குள்ளே பார்த்தால் ஒரு குறுக்குக்கோடு தெரியும். அதன் கீழ்க் காலில் சின்னச் சின்ன வெட்டுக்கோடுகள் இருக்கும். தூரம் போகப்போகக் குண்டு கீழே இறங்கும் என்பதால், இன்ன தூரத்து ஆட்டுக்கு இன்ன வெட்டுக்கோட்டை வைத்துச் சுடு என்று அவை சொல்லும். முதல் தளத்தில் அந்தக் கோடு முற்றத்தில் போட்ட கோலம் மாதிரி. கிட்டப் போனால் முற்றமும் பெரிதாகும், கோலமும் பெரிதாகும், இரண்டுக்கும் உள்ள அளவு மாறாது. இரண்டாம் தளத்தில் அது மூக்குக்கண்ணாடியில் விழுந்த கீறல் மாதிரி. நீங்கள் எதைப் பார்த்தாலும், எவ்வளவு பெருப்பித்துப் பார்த்தாலும், கீறல் அதே அளவில்தான் இருக்கும். ஆகவே அந்த வெட்டுக்கோடுகள் ஏதோ ஒரு பெருக்கத்தில் மட்டும் உண்மை பேசும். மற்றதிலெல்லாம் பொய் சொல்லும்.

பொய் சொல்லுகிற சாமானை ஏன் காசு கொடுத்து வாங்கவேண்டும் என்பது தம்பியின் கட்சி. குறைந்த பெருக்கத்தில் வைத்தால் உன்னுடைய கோலம் மயிரிழையாய்ப் போய்விடும், பொழுதுபட்ட மைம்மல் வெளிச்சத்தில் புதருக்குள் நிற்கிற ஆட்டின் மேல் அதை எங்கே தேடுவது என்பது இவருடைய கட்சி. இரண்டு கட்சியிலும் நியாயம் இருந்ததால் சண்டை முடியவே இல்லை. சோறு போட்டால் சோற்றுக்கு மேலே சண்டை, தேத்தண்ணி கொடுத்தால் தேத்தண்ணிக்கு மேலே சண்டை. துவக்குக்கும் ஸ்கோப்புக்கும் பொருத்தம் பார்த்த அளவுக்கு எனக்கும் இவருக்கும் யாரும் பார்க்கவில்லை.

கடைசியில் மூன்று பேரும் துவக்குக் கடைக்குப் போனோம். கடைக்காரர் பொறுமைசாலி. ஒவ்வொரு குழாயாகக் கையில் தந்து, எதிர்ப்பக்கத்துக் கோழிப்பொரியல் கடையின் பெயர்ப்பலகையைப் பார்க்கச் சொன்னார். முதல் தளத்துக் குழாயில் இவர் கண்ணை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். நல்லாயில்லை என்றார். நான் வாங்கிப் பார்த்தேன். கோடு மெல்லியதுதான், ஆனால் எனக்கு அழகாகத் தெரிந்தது. நான் கண்ணாடி போட்டிருந்தேன் என்பதையும் சொல்லவேண்டும்.

அந்த இடத்தில்தான் எனக்குச் சூட்சுமம் பிடிபட்டது. இது தளப் பிரச்சினை இல்லை, வெள்ளெழுத்து. சாப்பாட்டுக் கடையில் மெனு அட்டையைக் கை நீட்டக்கூடிய தூரத்துக்குப் பிடித்துப் பார்த்துவிட்டு எப்போதும் மசாலாத் தோசையே கேட்கிறவர் இவர். கண் பரிசோதிக்க வாருங்கோ என்று நான் கூப்பிட்டால், தனக்குத் தூரத்தில் காகம் இருக்கிறது கூடத் தெரியும் என்பார். காகம் தெரியும். கையில் இருக்கிற பில் தெரியாது. தடித்த கோடுள்ள இரண்டாம் தளத்தைக் கண்டதும் முகம் மலர்ந்துபோய், இதுதான் வேட்டைக்காரருக்கு உரியது என்று கடைக்காரருக்கே பாடம் எடுத்தார். கடைக்காரர் இரண்டையும் விற்கிறவர்; இரண்டுக்கும் தலையாட்டினார்.

இரண்டாம் தளம் வீட்டுக்கு வந்தது. அதன் வளையம் நாலிலிருந்து பதினாறு வரை பெருக்கத்தைக் கூட்டும். பன்னிரண்டில் வைத்தால் மட்டும் வெட்டுக்கோடுகள் உண்மை பேசும் என்று கூட வந்த புத்தகத்தில் இருந்தது. வளையத்தில் எண்கள் எறும்பு அளவில் பொறிக்கப்பட்டிருந்தன. சுட்டுப் பழகுகிற மைதானத்தில் தம்பி பக்கத்தில் நின்று எண்ணை வாசித்துச் சொன்னான், இவர் கடதாசியில் நன்றாகவே சுட்டார். காட்டில் எந்த நேரமும் தான் காதுக்குள்ளே நிற்க முடியாது, ஆகவே பன்னிரண்டு நிற்கிற இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி போட்டுவிடுகிறேன் என்று என்னுடைய நகப்பூச்சுப் போத்தலை வாங்கிக்கொண்டு போனான். எண் தெரியாவிட்டாலும் சிவப்புத் தெரியும்தானே. இவர் பெருந்தன்மையோடு சம்மதித்தார்.

பெரியத்தான் வந்து இறங்கினார். நவராத்திரி முழுக்கச் சைவம். பிறகு பார்த்தால் புரட்டாதிச் சனி. எங்களுக்கு வேட்டைக்குப் போகக் கிடைத்ததும் அந்தச் சனிக்கிழமைதான். பெரியத்தான் யோசித்து, சனிக்கிழமை சுடலாம், தின்னக்கூடாது, ஞாயிற்றுக்கிழமை தின்னலாம் என்று வழி சொன்னார். ஆட்டிடம் ஒருவரும் கேட்கவில்லை.

அதற்கு முதல் சரஸ்வதி பூசை வந்தது. ஆயுதங்களுக்குப் பொட்டு வைக்கிற நாள். பெரியத்தான் கிண்ணத்தில் சந்தனமும் குங்குமமும் எடுத்துக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றினார். காருக்கு, கம்பியூட்டருக்கு, அரிசி அவிக்கிற குக்கருக்கு, என் தையல் மெசினுக்கு எல்லாம் பொட்டு. பிறகு, வீட்டில் உண்மையான ஆயுதம் ஒன்று இருக்கிறபோது அதை விட்டுவிட்டு குக்கருக்குப் பொட்டு வைப்பது அவமரியாதை என்றார். இவர் அலுமாரியைத் திறந்து, குண்டில்லை என்று இரண்டு தரம் பார்த்து, துவக்கைத் தன் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். பெரியத்தான் கட்டைக்கு ஒன்று, குழலுக்கு ஒன்று, ஸ்கோப்புக்கு ஒன்று என்று வைத்தார். வைத்துவிட்டுக் கண்ணை மூடினார்.

"தாயே, இது இவன்ர கையில இருக்குமட்டும் ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கக்கூடாது."

குரல் உடைந்துபோய் வந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். தன் தம்பியை மட்டம்தட்டுவதற்கென்றே விமானம் ஏறி வந்திருக்கிறார் என்று நான் நினைத்திருந்த மனிதர், கண்ணைத் திறக்காமல் நின்றார். இவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் குசினிக்குப் போய்ச் சுண்டலைக் கிளறினேன். அது ஏற்கெனவே ஆறிப்போயிருந்தது.

அடுத்த நாள் இவர் துணியும் எண்ணெயும் எடுத்துப் பொட்டுகளைத் துடைத்தார். எல்லாவற்றையும் துடைத்துவிட்டதாகத்தான் நினைத்தார்.

சனிக்கிழமை நால்வரும் போனோம். நான் ஏன் போனேன் என்றால், இந்த மூன்று பேரையும் ஒரு துவக்கோடு தனியே அனுப்ப எனக்கு மனமில்லை. காணிக்காரர் வாசலில் நின்று எந்தப் பக்கம் சுடலாம், எந்தப் பக்கம் கூடாது என்று காட்டிவிட்டுப் போனார். பின்னேரம் ஒரு கற்சரிவின் உச்சியில் படுத்துக்கிடந்து பார்த்தோம். எதிர்ச் சரிவில் ஆடுகள் வந்தன. முன்னால் ஒரு கறுத்தக் கிடாய், தாடியோடு, ஊருக்குப் பெரியவர் மாதிரி. தூரம் இருநூற்றைம்பது மீற்றர் என்று தம்பி கருவியில் பார்த்துச் சொன்னான். இவர் வளையத்தைத் திருப்பினார். சிவப்பைக் கண்டதும் நிறுத்தினார். அந்தத் தூரத்துக்குரிய வெட்டுக்கோட்டைக் கிடாயில் வைத்து மூச்சை விட்டார். சுட்டார்.

குண்டு கிடாயின் முதுகுக்கு மேலே ஒரு சாணுக்கும் கூடுதலாகப் போய்ப் பின்னால் இருந்த பாறையில் புழுதியைக் கிளப்பியது. கிடாய் எங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தன் குடும்பத்தோடு மறைந்தது. பெரியத்தானின் வேண்டுதலை அம்மன் எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றியிருந்தாள். ஒருத்தருக்கும் ஒன்றும் நடக்கவில்லை.

பெரியத்தான் எழும்பி, உடுப்பில் ஒட்டிய புல்லைத் தட்டினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இவன் தொட்டது துலங்காதெண்டு நான் சொன்னனான்தானே. கோழி வாங்கி வைச்சனீங்களோ?"

இவர் துவக்கைத் திறந்து, குண்டில்லை என்று பார்த்து, வளையத்தைத் தடவினார். பெருவிரலில் சிவப்பாக ஏதோ ஒட்டியது. நகப்பூச்சுக் காய்ந்தால் ஒட்டாது. நான் என் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கிட்டப் போய்ப் பார்த்தேன். வளையத்தின் வரிப்பள்ளங்களுக்குள் சந்தனத்தோடு சேர்ந்து இறுகிப்போன குங்குமம். அது நின்ற இடம் ஆறு. பன்னிரண்டில் வைக்கவேண்டியதை ஆறில் வைத்தால் வெட்டுக்கோடு இரண்டு மடங்கு பொய் சொல்லும். குண்டு மேலே போகாமல் எங்கே போகும்?

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பெரியத்தானைப் பார்த்து வாயைத் திறந்தேன். இவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"சொல்லாத" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டது அவருடைய காதில் இன்னும் இருந்தது. அதற்காகத் தன் மானத்தை விட்டுக்கொடுக்கத் தயாராகிவிட்டார். எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்கவும் தோன்றியது, இரண்டு அடி போடவும் தோன்றியது. ஆனால் வீட்டில் ஒரு தம்பி இருந்தால் எந்த ரகசியமும் நிலைக்காது. அவன் கழுத்தை நீட்டிப் பார்த்தான்.

"அத்தான், நான் நெயில் பாலிஷ் இன்னும் போடேல்லை. போத்தல் கார்லதான் கிடக்கு. இதென்ன சிவப்பு?"

பெரியத்தான் கிட்ட வந்தார். விரலால் தொட்டு, தேய்த்து, மூக்கில் வைத்துப் பார்த்தார். விளங்காதவருக்குத் தம்பி விளக்கிச் சொன்னான், தளம், வளையம், பன்னிரண்டு, ஆறு எல்லாம். முதல் தளத்தை வாங்கியிருந்தால் எவர் எங்கே பொட்டு வைத்தாலும் கோடு பொய் சொல்லியிருக்காது என்பதையும் மறக்காமல் சேர்த்துக்கொண்டான். பெரியத்தான் விரலைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அப்ப தப்பவைச்சது நான்" என்றார்.

"இல்லை அண்ணை. நான் நம்பரைப் பார்த்திருக்கவேணும்."

"நீ எப்பிடிப் பார்ப்பாய்? உனக்குக் கண் தெரியாது. எனக்குத் தெரியாதோ உனக்குக் கண் தெரியாதெண்டு? நேற்றுக் கடையில பில்லை எவ்வளவு தூரத்தில பிடிச்சனீ?"

பதினைந்து வருடக் குடித்தனத்தில் நான் சொல்லி ஏறாததை ரொறன்ரோவிலிருந்து வந்தவர் ஒரு வசனத்தில் முடித்துவிட்டார். இவர் மறுக்கவில்லை. அது எனக்கு ஆடு விழுவதைவிடப் பெரிய அதிசயமாக இருந்தது.

பொழுது சாயும் நேரம் குளத்தடிக்குப் போய்க் காத்திருந்தோம். ஆடுகள் தண்ணீருக்கு வந்தன. தாடிக்காரர் வரவில்லை, அவருக்குப் புத்தி இருந்தது. ஓர் இளங்கிடாய் தனியே ஒதுங்கி நின்றது. இவர் படுத்துக்கொண்டு துவக்கைப் பிடித்தார். பெரியத்தான் பக்கத்தில் முழங்காலில் குந்தி, சட்டையின் உள்பையிலிருந்து ஒரு மூக்குக்கண்ணாடியை எடுத்தார். ஒரு கிழமைக்கும் மேலாக எங்கள் வீட்டில் இருந்தவர், அப்படி ஒன்று தன்னிடம் இருப்பதை ஒருவருக்கும் காட்டவில்லை. அதைப் போட்டுக்கொண்டு வளையத்துக்குக் கிட்டக் குனிந்து, மெல்லத் திருப்பினார். லைசன்ஸ் இல்லாதவர் துவக்கைத் தொடக்கூடாது என்பது சட்டம். வளையத்தைத் தொடலாமா என்று யாரும் கேட்கவில்லை.

"பன்னிரண்டு. இனிச் சுடு."

ஆடு நின்ற இடத்திலேயே விழுந்தது. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அம்மனையா ஆட்டையா என்று அப்போது யோசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் யாழ்ப்பாணத்துத் தூள் போட்டு, குக்கரில் விசில் எண்ணாமல் விட்டு, அந்த இறைச்சியைப் பணியவைத்தேன். அந்தக் குக்கருக்கும் பொட்டு வைத்திருந்தது என்பதைத் தம்பி ஞாபகப்படுத்தினான். பெரியத்தான் இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நல்லாயிருக்கு என்று சொல்லவில்லை. இறைச்சி கொஞ்சம் வைரம் என்றுதான் சொன்னார். இவர் அவருடைய தட்டையே பார்த்துக்கொண்டிருந்ததில் தன்னுடையதை ஆறவிட்டார்.

தம்பி இன்றைக்கும் முதல் தளம் என்கிறான். முதல் தளமாக இருந்தால் மைம்மல் இருட்டில் கோட்டைத் தேடிக்கொண்டே படுத்திருப்பேன் என்று இவர் இன்றைக்கும் சொல்கிறார், இப்போது மூக்கில் கண்ணாடியோடு. என்னைக் கேட்டால் இரண்டு தளத்திலும் குற்றமில்லை. கண் தெரியவில்லை என்று சொல்லத் தெரியாத ஆம்பிளைகளுக்கு எந்தத் தளமும் உதவாது.

தைப்பொங்கலுக்கு ரொறன்ரோவுக்குப் போன் எடுத்து ஸ்பீக்கரில் போட்டோம். அங்கே வீடு நிறைய ஆட்கள். யாரோ போனை எடுத்துவிட்டு அப்படியே மேசையில் வைத்துவிட்டார்கள் போல. பெரியத்தான் யாருக்கோ கதை சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது.

"நானும் தம்பியுமாச் சுட்டது. நானூறு மீற்றர் இருக்கும். என்ர தம்பி குறி வைச்சானெண்டால் தப்பாது. ஆனா நம்பர் மட்டும் நான் பார்த்துச் சொல்லவேணும்."

அந்த ஆடு நின்றது நூறு மீற்றரில். நான் வாயைத் திறக்கப்போகிறேன் என்று பயந்து, இவர் போனின் மேல் கையை வைத்துப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் பேசாமல் இருந்தேன். எனக்கு அது பழக்கமில்லாத வேலை.

அண்ணன் வாயிலிருந்து முதல்தரம் புகழ்ச்சி கேட்டவர், போனை வைத்ததும், அரிசி எடுத்துக்கொண்டு வாறன் என்று கராஜுக்குப் போனார். குசினியில் அரிசி வாளி நிறைய இருந்தது. நான் சொல்லவில்லை. அவர் வருவதற்கு வெகுநேரம் ஆனது, வெறுங்கையோடு வந்தார்.